கை நின்ற இடம்

பாரிவாக்கத்திலிருந்து கரையான்சாவடிக்கு வருகிற சாலையில் அக்கா எனக்கு இருபது அடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். என் கையில் ஒரு அரிசிப் பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, போன் சார்ஜர். அவர் தோளில் எப்போதும் தொங்கும் சின்னத் துணிப்பையைத் தவிர வேறொன்றும் இல்லை. புர்காவின் வலது கை முழங்கை வரை மடித்தபடியே இருந்தது. அதை இறக்கிவிட அவருக்குத் தோன்றவில்லை. விரல்களில் மஞ்சள் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. பதினோரு மணி வெயில். இரண்டு ஷேர் ஆட்டோக்கள் எங்கள் பக்கத்தில் மெதுவாகி, நாங்கள் கை காட்டாததைப் பார்த்துவிட்டுப் போயின.

நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்கு வீடு போயிருந்தது. எனக்கு வேலை போயிருந்தது. எனக்குப் போனது பெரிதில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் நடுவில் இரண்டு மூன்று விட்டுப்போகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை, லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம், அண்ணனூரில் ரயில் பெட்டி கழுவும் காண்டிராக்ட். ஒரு இடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். அக்கா அப்படி இல்லை. கரையான்சாவடியில் ஒரே சந்தில், ஒரே ஷெட்டின் பின்னால் இருந்த ஒரே அறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் யாரைக் கேட்டாலும் "அந்தக் கையால பாக்குற அக்கா" என்றுதான் சொல்வார்கள்.

நான் வேலை பார்த்த இடம் பாரிவாக்கத்தில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே, தகரம் அடைத்த ஒரு மனை. முதலாளியை எல்லோரும் நைனா என்று கூப்பிடுவோம். பழைய கார்களை வாங்கி, தேற்றி, கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுவார், ஆள் கிடைத்தால் விற்பார். எப்போதும் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நிற்கும். என் வேலை கழுவுவது, பேட்டரி சார்ஜ் போடுவது. வாங்க ஆள் வருகிறது என்றால் கூடுதல் வேலை. தரையில் ஓட்டை இருந்தால் புது மேட் விரிப்பேன். ஈர வாடை அடித்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே ஊதுபத்தி கொளுத்துவேன். அடியில் துரு தெரிந்தால் கறுப்புத் தார் பூசுவேன். ஏமாற்று வேலை என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். அங்கே படுக்க இடம் இருந்தது.

அக்காவை முதலில் பார்த்தது ஒரு அம்பத்தூர்க்காரர் அவரை அழைத்து வந்தபோது. நான் வண்டியைக் கழுவி முடித்த நேரம். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது நைனாவின் ஏற்பாடு. ஈரமாக இருக்கும் வண்டியில் எல்லா இடமும் ஒரே மாதிரி பளபளக்கும், தகரத்தின் நெளிவு தெரியாது. அக்கா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பதான் குளிப்பாட்டுனியாப்பா?"

"ஆமாக்கா."

"காயட்டும்."

கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துகொண்டார். நைனா டீ வரவழைத்தார், ஜூஸ் வரவழைத்தார், வெயிலில் உட்காராதீர்கள் என்றார். அக்கா முக்கால் மணி நேரம் அசையவில்லை. அம்பத்தூர்க்காரர் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். வண்டி முழுக்கக் காய்ந்த பிறகு எழுந்து, புர்காவின் வலது கையை முழங்கை வரை மடித்து, துணிப்பையிலிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து உள்ளங்கைக்கு அடியில் வைத்து, முன் மட்கார்டில் தொடங்கினார். மெல்ல, ஒரு குழந்தையின் முதுகைத் தடவுகிற வேகத்தில். வெறுங்கையில் தூசிதான் தெரியும், துணி வைத்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும் என்று பின்னால் ஒருநாள் சொன்னார்.

அவர் கை ஓரிடத்தில் நிற்கும். நின்ற அடுத்த நொடி வாய் திறக்கும். மெதுவாகச் சொல்வது, வாங்குகிறவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்வது எல்லாம் கிடையாது. விற்கிறவன், வாங்குகிறவன், பக்கத்தில் நிற்கிற நான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே குரலில் சொல்வார்.

"இங்க கதவு மாத்திகீது. இங்க அர விரல் மொத்தத்துக்கு பட்டி கீது, உள்ள தகரமே இல்ல. சொல்ட்டேன். அப்பறம் உன் இஷ்டம்."

அந்தச் "சொல்ட்டேன்" அவருக்கு ஒரு முற்றுப்புள்ளி. அதற்குப் பிறகு கேள்வி கேட்டால் பதில் வராது. வாங்கலாமா வேண்டாமா என்று ஒருபோதும் சொன்னதில்லை. எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது எனக்குத் தெரியாது. அதுக்கு ஒரு ஆள இட்டுகினு வா" என்பார். அன்றைக்கு ஒரு நாள் தேய்ப்புக் கூலி என்னவோ அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

தேய்ப்புதான் அவர் தொழில். அவர் புருஷன் ஷெட்டில் அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி என்கிற பசையைப் பூசுவார். பூசி இறுகிய பிறகு அதைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வண்டியின் பழைய வளைவைக் கொண்டுவருவது அக்கா. எங்கே தகரம் முடிந்து எங்கே பட்டி தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, தெரியக் கூடாது. அதுதான் வேலை. இத்தனை வருஷம் மறைக்கிற வேலை செய்த கைக்குத்தான் மறைத்த இடம் தெரிந்தது. தேய்த்ததில் விரல் ரேகை எல்லாம் போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் விழாது. மகன்தான் போய் வைத்து அரிசி வாங்கி வருவான்.

ஒருமுறை சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு பையன் கல்யாணத்துக்கு முன்னால் பழைய அம்பாசிடர் வாங்க வந்தான். போனில் வீடியோ பார்த்துப் படித்துவிட்டு, துணியில் சுற்றிய காந்தம் ஒன்றோடு வந்திருந்தான். காந்தம் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் பட்டி என்பது கணக்கு. பின் கதவின் கீழே காந்தத்தை வைத்தான். ஒட்டியது. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. யாரோ சொன்னார்கள் என்பதற்காக அக்காவையும் அழைத்து வந்திருந்தான். அக்காவின் கை அதே இடத்தில் நின்றது.

"இங்க தகரம் இல்லப்பா."

"ஆன்ட்டி, மேக்னெட் ஒட்டுது பாருங்க."

"ஒட்டும். உள்ள கம்பி வல வெச்சி அதுமேல பட்டி போட்டுகீறாங்க. உன் காந்தம் வலைல ஒட்டுது."

பையன் நைனாவைப் பார்த்தான். நைனா என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

"எப்டி ஆன்ட்டி இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?"

"நானும் வெச்சிகீறேன்" என்றார் அக்கா. "எங்க ஊட்டுக்காரு வெச்சி குடுப்பாரு, நான் மேல தேப்பேன். எத்தினி வண்டி. சொல்ட்டேன்."

அந்தப் பையன் வாங்காமல் போனான். அக்கா போன பிறகு நைனா ஒரு ஸ்பானரைத் தூக்கித் தகர வேலியில் எறிந்தார். ஆனால் அவரால் அக்காவை உள்ளே விடாமல் இருக்க முடியாது. விடவில்லை என்றால் வண்டியில் கோளாறு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதோடு நைனாவின் தகர வேலை, பெயிண்ட் வேலை எல்லாவற்றையும் செய்து கொடுத்தது அக்காவின் மகன்தான். அப்பா போன பிறகு ஷெட்டை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். வண்டி கொண்டுவந்து விட்டுப் போகும்போது என்னோடு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பான்.

"எங்கம்மாவ ஒரு கல்யாணத்துக்கு இட்டுகினு போவ முடியாது மச்சான்" என்று ஒருநாள் சொன்னான். "எங்க பெரீம்மா பொண்ணு நிக்கா. சீருக்கு ஒரு பீரோ வெச்சிருக்காங்க, ரோஸ் கலரு, கண்ணாடி எல்லாம் போட்டு. எல்லாரும் நல்லாகீது நல்லாகீதுன்னு சொல்லிகினு போறாங்க. இவங்க போயி கைய வெச்சாங்க. நின்னுட்ச்சி."

"ஐயோ."

"இது உழுந்து நசுங்கி, தட்டி, மறுக்கா பெயிண்ட் அட்ச்ச பீரோன்னு அங்கியே சொல்ட்டாங்க. மாப்ள ஊட்டுக்காரங்க எதுர்ல. பெரீம்மா மூஞ்சியப் பாக்கணுமே. அவங்களுக்கே தெரியாது, கடக்காரன் ஏமாத்திகீறான். அடுத்த பொண்ணு நிக்காவுக்குப் பத்திரிக எனக்கு மட்டுந்தான் வந்துச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "உள்ள ஒண்ணும் வெச்சிக்காத மனுசி" என்றான். அம்மாவைப் பற்றி வேறு யாராவது கிண்டலாகப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது.

எனக்கும் ஒருநாள் அந்தக் கை பட்டது. வண்டியின் சேஸிஸ் எண்ணைப் பார்ப்பதற்கு அக்காவுக்கு ஒரு முறை உண்டு. எண்களின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். புதிதாகக் குத்திய எண்ணா என்பதை விரலே சொல்லிவிடும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்பார்க்க அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்தார். எண்ணைப் படித்தேன். கீழே ஆங்கிலத்தில் இருந்ததையும் படிக்கச் சொன்னார். இழுத்தேன். அந்த மனையில் எல்லோரிடமும் பத்தாவது வரை படித்ததாகச் சொல்லி வைத்திருந்தேன்.

"பத்தாவதுன்னு சொன்ன?"

"ஏழாவதுக்கா."

"ஏழாவதுன்னே சொல்லு. இன்னா இப்ப" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நைனாவும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு அவர்மேல் கோபம். அடுத்த நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் மகனிடம் ஒரு தூக்கு நிறைய கஞ்சி கொடுத்தனுப்பினார். "ஏழாவது தம்பிக்குக் குடுன்னாங்க" என்றான் மகன். கஞ்சி நன்றாக இருந்தது.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன்.

க்ரீம் நிறத்தில் ஒரு அம்பாசிடர். நைனாவிடம் இருந்ததிலேயே அழகான வண்டி அதுதான். உண்மையில் அது ஒரு வண்டி இல்லை. பின்பக்கம் அடிபட்டு நசுங்கிய ஒன்றையும், முன்பக்கம் போன இன்னொன்றையும் நடுவில் அறுத்து, நல்ல பாதியோடு நல்ல பாதியை வெல்டு வைத்துச் சேர்த்தது. ஒட்டு வண்டி என்பார்கள். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ, எதிலாவது மோதினாலோ ஒட்டிய இடத்தில் பிரியும். இரண்டு பாதிகளும் தனித்தனி லாரியில் அக்காவின் மகனுடைய ஷெட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். ஒன்றாகித் திரும்பி வந்தபோது அடியில் வெல்டு தெரியாமல் தார் பூசியது நான். ஷூட்டிங்கில் நிற்க வைக்கிற வண்டி என்றுதான் அப்போது பேச்சு. இரண்டு மூன்று ஷூட்டிங்கில் நிற்கவும் செய்தது. அப்புறம் ஒருநாள் நைனா அதற்கும் விலை சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்குக் காலையில் வந்தவர் ஆவடியில் ஃபேக்டரி ஒன்றில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போகிறார்கள். மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த அம்மா ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இப்ப வாற காரு பூரா தரையோட தரையா கெடக்குது" என்று அவர் நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இவளால குனிஞ்சு ஏறி எறங்க முடியல. அம்பாசிடர்னா நாக்காலில இருக்க மாதிரி இருக்கலாம். மெதுவா ஓட்டிட்டே ஊருக்குப் போயிரலாம்னு பாக்கேன்."

அவரோடு அக்காவும் வந்திருந்தார். வண்டி காய்ந்துதான் இருந்தது. அக்கா கையை மடித்தார், துணியை வைத்தார். முன் மட்கார்டு, முன் கதவு. கதவுகளுக்கு நடுவே இருக்கும் தூணில் கை நின்றது.

நின்றது, ஆனால் வாய் திறக்கவில்லை.

கையை எடுத்தார். துணியை எடுத்துவிட்டு வெறுங்கையை வைத்தார். பிறகு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் அதே உயரத்தில் வைத்தார். முன் கதவைத் திறந்து, மேட் விரிப்பைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் தரையைத் தடவினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். அவர் எதைத் தொட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது, அது பின்னால்தான் வந்தது. அக்கா எதுவும் பேசாமல் பின் மட்கார்டுக்குப் போனார், டிக்கிக்குப் போனார், முடித்துவிட்டுப் போய்ப் பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். பாட்டிலைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

நைனா சட்டென்று பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார். அக்காவே ஒண்ணும் சொல்லல. இந்த ஏரியால அவங்க வாயால ஒண்ணும் வராத ஒரே வண்டி இதுதான்."

பெரியவருக்குச் சந்தோஷம். "என்னம்மா, சரியா இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று பெரியவர் நினைத்திருக்க வேண்டும். ஆட்டோவுக்குப் போய் மனைவியைத் தோளோடு பிடித்து இறக்கி, அடி அடியாக நடத்திக் கூட்டி வந்தார். பின் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா முதுகைத் திருப்பி, மெல்ல உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்து அவர் சிரித்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"வலிக்கவே இல்லைங்க" என்றார். "ஊர் வரைக்கும் இப்படியே வந்திருவேன்."

அக்கா எழுந்தார். நேராகப் போய் பின் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா" என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

"எறங்கிடும்மா. இது ரெண்டு வண்டி. நடுவுல வெட்டி ஒட்டிகீது. நீ குந்திகினு கீறியே, இந்தப் பாதி வேற வண்டியோட பாதி."

நைனா ஓடி வந்தார். "இன்னாக்கா, வெயில்ல ஒக்காந்து மண்ட சூடாய்ச்சா? இப்பதான பாத்துட்டு ஒண்ணும் இல்லன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லல. சொல்லாம இருந்தேன்."

பெரியவர் தூணைத் தடவிப் பார்த்தார். பல வருஷம் இரும்பைக் கடைந்த கைதான், ஆனால் அதற்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "இங்க ஒண்ணும் தெரியலயேம்மா. வழவழன்னுதானே இருக்கு?"

"தெரியாது. அப்டி தேச்சிகீது." அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, சாவி குடு."

வண்டிச் சாவி என் கையில் இருந்தது. நைனா என்னைப் பார்த்தார். என் பாய், போர்வை, பை எல்லாம் அந்த மனையின் மூலையில்தான் இருந்தன. சாவியை அக்கா கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் கேட்டார், கொடுத்தேன். அவ்வளவுதான் தெரிகிறது.

அக்கா சாவி நுனியைத் தூணில் குறுக்கே வைத்து அழுத்தி இழுத்தார். க்ரீம் பெயிண்ட் உரிந்தது. அதன் கீழே சாம்பல், அதன் கீழே மஞ்சள் பட்டி தூளாகக் கொட்டியது. விடாமல் சுரண்டினார். கடைசியில் இரும்பு தெரிந்தது, அதன்மேல் குறுக்காக ஓடிய வெல்டுக் கோடும் தெரிந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஃபேக்டரி ஆளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடனே மனைவியின் கையைப் பிடித்து இறக்கினார்.

"அடியில தார் பூசுனது நான்தான் சார்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சொல்லவேண்டும் போலிருந்தது.

அக்கா சுரண்டிய இடத்தில் கையை வைத்தபடி நின்றார். "ஒட்டுனது எங்க ஷெட்டு. எம்புள்ள. தேச்சது நானு. தேய்க்கும்போதே தெரியும். ஷூட்டிங்ல நிக்கிற வண்டிம்மா, ரோட்டுக்குப் போவாதும்மான்னான். சரி நிக்கிற வண்டிதானன்னு வாய மூடிகினேன்." கையை எடுத்துவிட்டு, "இப்பவும் மூடிகினுதான் குந்தினு இருந்தேன்" என்றார்.

பெரியவர் மனைவியை ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ கிளம்பும்போது அந்த அம்மா தலையை வெளியே நீட்டி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

நைனா அதற்குள் மகனுக்குப் போன் போட்டிருந்தார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். "உங்கம்மா இன்னா பண்ணிகீதுன்னு வந்து பாரு. இனிமே ஒரு வண்டி, ஒரு போல்ட்டு உன் ஷெட்டுக்கு வராது. ஒருத்தனும் வர மாட்டான், நான் பாத்துக்கிறேன்."

பிறகு மகனின் குரல் கேட்டது. "ம்மா. இன்னாம்மா பண்ண?"

"நிக்கிற வண்டின்னு சொன்னியேப்பா" என்றார் அக்கா.

"ம்மா, என் ரெண்டு பசங்கம்மா."

"தெரியும்ப்பா."

பின்னால் யாரோ தகரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "ஊட்டாண்ட வராத" என்றான். போன் நின்றது.

நைனா என்னைத் திட்டினார். என்ன திட்டினார் என்பது நினைவில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

கரையான்சாவடி வந்ததும் அவருடைய சந்தின் முனையில் நின்றார். உள்ளே நாலைந்து வீடு தாண்டினால் ஷெட்டு. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ எங்க போற?"

"தெரிலக்கா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"நானும் இல்ல" என்றார். சந்தின் உள்ளே பார்த்தார். ஒரு பையன் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு போனான். "குமணஞ்சாவடில என்கூட தேச்சவ ஒருத்தி கீறா. அவ ஊட்டுக்குப் போறேன்." மடித்திருந்த கையை அப்போதுதான் பார்த்தார். இறக்கிவிட்டுக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூந்தமல்லியில் கூலி ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். எனக்குப் பழக்கமான இடம்தான். சித்தாள் பெண்கள் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் புர்கா போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"வா" என்றார். "நேத்து எங்க படுத்த?"

"பஸ் ஸ்டாண்டுலக்கா."

ஒரு மேஸ்திரி பைக்கில் வந்து, சுவரில் பட்டி பார்த்த வீட்டைத் தேய்க்க இரண்டு பேர் வேண்டும் என்றார். அக்கா எழுந்தார். மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யம்மா, உப்புத்தாள் பிடிச்சிகீறியா எப்பனா?"

"பிடிச்சிகீறேன்."

இடம் பாரிவாக்கம். நைனாவின் மனைக்கு எதிரில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. ஜன்னலுக்குக் கதவு வைக்கவில்லை. கீழே தகர வேலிக்குள் அந்த வண்டிமேல் மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அக்கா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, தாளை நான்காகக் கிழித்து, ஒன்றை என்னிடம் கொடுத்து வேலையை ஆரம்பித்தார்.

பத்து மணி டீக்குப் பிறகு வாட்ச்மேன் கீழேயிருந்து கூப்பிட்டார். நான் இறங்கிப் போனேன். கேட்டில் அக்காவின் மகன் பைக் எஞ்சினை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தான். அம்மா இங்கே இருப்பதை குமணன்சாவடியிலும் பூந்தமல்லியிலும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஒரு பெரிய கட்டைப்பையை என்னிடம் நீட்டினான்.

"இத்த குடுத்துரு மச்சான்."

"மேல வாயேன்."

"வேணாம்."

"இன்னா கீது இதுல?"

"அவங்களுது எல்லாம்."

பை கனத்தது. அவன் பைக்கைத் திருப்பிவிட்டு நின்றான். "சாப்ட்டாங்களா?"

"டீ குடிச்சாங்க."

தலையை ஆட்டினான். போய்விட்டான்.

அக்கா பையைத் தரையில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். புடவைகள், பாவாடைகள், தொழுகைப் பாய், சர்க்கரை மாத்திரைகள், ஸ்வெட்டர், இன்னும் ஒரு புர்கா. எல்லாம் மடித்து இருந்தன, யாரோ பொறுமையாக மடித்திருந்தார்கள். அடி வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார்.

"ஊட்ல ஒண்ணயும் வெச்சிக்கல" என்றார்.

எல்லாவற்றையும் திரும்ப அதே மடிப்பில் உள்ளே வைத்து, வாயைக் கட்டி, தூசி படாத மூலையில் கொண்டுபோய் வைத்தார். மதியத்துக்குள் அந்த அறை முடியவேண்டும் என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார். சுவரின் கீழ்ப்பாதி அக்காவுக்கு, மேல்பாதி எனக்கு. அவர் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். தூள் அவர் தலையில் விழக்கூடாது என்பதற்காக நான் ஏணியை எதிர்ப்பக்கச் சுவருக்கு நகர்த்தி அங்கிருந்து தொடங்கினேன்.